பாண்டிச்செல்வி சொன்னதும் நான் எழுதுனதும்

3.11 திங்கள்

விடிஞ்சதுலருந்து தூறல். மில் பஸ் இருபது நிமிஷம் லேட்டு. குடை எடுக்கல. முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு நின்னேன். பஸ்ஸுக்குள்ள ஏறுனா ஈரப் பஞ்சு வாடை. இருபத்தி ரெண்டு வருஷமா அதே வாடை.

தீபாவளிக்கு ஊருக்குப் போன புள்ளைங்கள்ல பாதி இன்னும் திரும்பல. டைம் ஆபீஸ்ல நான் வச்சிருக்குற வருகைப் பதிவேட்டுல வரிசையா சிவப்புக் கோடு. இருக்குறவளுக்கு ரெண்டு ஆளு வேலை.

இன்னைக்குச் செஞ்சது:
- நோட்டீஸ் ஒண்ணு. ‘இல்லத்தில் தங்கிப் பயிற்சி பெறுவோர் இரவு உணவுக்குப் பின் வளாகத்தில் உலாவுதல் கூடாது.’
- விலகல் கடிதம் மூணு.
- ஆபீசர் சாருக்கு (இனிமே ஆ.சார். கை வலிக்குது) அரசாங்கத்துக்கு அனுப்ப ஒரு பதில்.
- வெஞ்சனம் எடுத்துட்டுப் போக மறந்து வெறும் தயிர்ச்சோறு.

விலகல் கடிதம் எங்க மில்லுல ஒரு தனிச் சடங்கு. வேலைய விட்டுப் போற புள்ள அவ கையெழுத்துலயே எழுதணும். என்ன எழுதணும்னு நான் சொல்லுவேன். சொல்லச் சொல்ல அவ எழுதுவா. ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் பயிற்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன். நிர்வாகம் என்னைக் குடும்பத்தில் ஒருவராகவே நடத்தியது.’ முடிஞ்சா கையெழுத்து. அதோட அவளுக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்ல.

இன்னைக்கு ஒருத்தி பேனாவ நிப்பாட்டிட்டுக் கேட்டா. “அக்கா, நின்னு நின்னு காலு வீங்கிப் போச்சு, அதான் போறேன்னு எழுதவா?”

“அதெல்லாம் எழுத்துல வராது தாயி. சொந்த விருப்பம்னு போடு”ன்னேன். போட்டா.

எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன். எண்ணிப் பாக்கத் தோணல.

எங்க மில்லுக் காகிதம் எதுலயும் ‘தொழிலாளி’ங்கற சொல்லு கிடையாது. ‘பயிற்சி பெறுவோர்’தான். சம்பளம் இல்ல, ‘உதவித்தொகை’. வாயில சொல்லும்போது எல்லாரும் ‘புள்ளைங்க’. முப்பது வயசு ஆனாலும் புள்ளதான். ஹாஸ்டல ‘இல்லம்’னு மாத்துனது நானு. அப்ப இருந்த முதலாளி சந்தோசப்பட்டு ஒரு எவர்சில்வர் டிபன் செட்டு குடுத்தாரு. வாங்கிக்கிட்டு வந்து வீட்டுக்காரருகிட்ட காட்டிப் பெருமை அடிச்சேன். சின்னப் புள்ளையில பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டின்னு எங்க போனாலும் எனக்குத்தான் பரிசு. அந்தத் தமிழுக்கு ஒரு வேலை கிடைச்சுருச்சுன்னு நெனச்சேன்.

4.11 செவ்வாய்

மழை இல்ல. புழுக்கம்.

பதினோரு மணிக்கு டிராயிங் டிபார்ட்மெண்டுல (பஞ்சத் திரியா இழுக்குற எடம்) ஒரு புள்ளைக்கு விரல் போச்சு. வலது கை, ரெண்டு விரலு.

பேரு பாண்டிச்செல்வி. பத்தொம்பது வயசு. நத்தம் பக்கத்து ஊரு. அப்பா மாந்தோப்புக் காவலு. வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. சேரும்போது நான்தான் பாரம் எழுதுனேன், மொகம் ஞாபகம் இல்ல. இந்த ஒரு வருஷத்துல ஒரு நாள்கூட லீவு போடாதவ. அது மட்டும் பதிவேட்டுல தெரியுது.

மெஷினு உருளையில பஞ்சு சுத்திக்கிட்டா எடுத்து விடணும். நிப்பாட்டிட்டு எடுக்கணும்னு சுவத்துல எழுதிப் போட்ருக்கு. அதையும் எழுதுனது நான்தான். நிப்பாட்டுனா உற்பத்தி கொறையும்னு மெஷினு ஓடையிலயே எடுக்கச் சொல்றது எல்லாருக்கும் தெரியும்.

நான் போறதுக்குள்ள புள்ளய வேன்ல ஏத்திட்டாங்க. இடது கையால வலது கையப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. அழல. “அக்கா, என் செருப்பு உள்ள கெடக்கு”ன்னா. எடுத்துட்டு வந்து குடுத்தேன்.

மெஷினு நின்னது இருபத்தஞ்சு நிமிஷம். தொடச்சு, பஞ்ச மாத்தி, ஓட்டிட்டாங்க. நடந்தது நடந்துருச்சுன்னு மேஸ்திரி யாருகிட்டயோ சொல்லிட்டு இருந்தாரு. நிமிஷத்த நான்தான் பதிவேட்டுல ஏத்துனேன்.

மத்தியானம் சாப்ட்டேன். புளிச்சோறு, வத்தல். முழுசா சாப்ட்டேன். அதத்தான் எழுதணும்னு தோணுச்சு.

5.11 புதன்

லேசா வெயிலு. ஆஸ்பத்திரிக்குப் போனேன், திண்டுக்கல்லுக்கே. எனக்கு வீட்டுக்குப் பக்கம், பஸ் காசு மிச்சம்.

விபத்து நடந்தா அடிபட்டவங்க வாக்குமூலம் வாங்கணும். வழக்கமா இதுவும் சொல்லச் சொல்ல எழுதுறதுதான். நான் சொல்லணும், அவங்க எழுதணும். போன தடவ ஒரு பையன் கால்ல அடிபட்டு, கட்டில்ல உக்காந்துக்கிட்டே நான் சொன்னத அழகா எழுதிக் குடுத்துட்டான். பாண்டிச்செல்விக்கு வலது கையில முழங்கை வரைக்கும் கட்டு. எழுத முடியாது. அதனால இந்த வாட்டி அவ சொல்ல, நான் எழுத வேண்டியதாப் போச்சு. இப்படி நடந்தது இதுதான் மொதத் தடவ.

என்ன ஆச்சோ தெரியல. சொன்னத அப்படியே எழுதிட்டேன். பேனா போன போக்குல. யோசிக்கல.

‘மூணு மெஷினு எனக்கு. சரசு ஊர்லருந்து வரல, அவ மெஷினும் என் தலையில. காலையிலருந்தே பஞ்சு சுத்திக்கிட்டே இருந்துச்சு. நிப்பாட்டிட்டு எடுக்கப் போனேன். மேஸ்திரியண்ணன் வந்து, ஏ புள்ள எதுக்கு நிப்பாட்டுற, ஓடையிலயே எடுத்துப் பழகுன்னாரு. பயமா இருக்குண்ணேன்னு சொன்னேன். பயந்தா வீட்ல இருக்கணும், மில்லுக்கு வரக்கூடாதுன்னாரு. எடுத்தேன். அம்புட்டுத்தான். விரல் போனதே தெரியல. பஞ்சு எதுக்குச் செவந்துருச்சுன்னு பாத்தேன்.’

வாசிச்சுக் காமிச்சேன். தலையாட்டுனா. இடது கட்டைவிரல்ல மை தடவி வச்சேன்.

அவ அப்பா கட்டில் கால்மாட்டுல நின்னுக்கிட்டு இருந்தாரு. வேட்டி முழங்காலுக்கு மேல, தோள்ல துண்டு. என்னயப் பாத்ததும் துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு. “மேடம் கும்புடறேனுங்க. எம்மகதான் எதாச்சும் பராக்கு பாத்திருப்பா. வீட்லயும் இப்படித்தான். போனப் பாத்துக்கிட்டே சட்டிய விட்ருவா.”

உள்ள போன் கொண்டு போகவே கூடாது. சொன்னேன். “அப்ப எவளோடயாச்சும் பேசிக்கிட்டு இருந்திருப்பா”ன்னாரு. மகளைப் பாத்து, “மில்லுக்காரவுகளுக்கு எம்புட்டு சிரமம் பாரு, உன்னால”ன்னாரு.

கெளம்பும்போது புள்ள என் சேலையப் பிடிச்சா. “அக்கா, என் தப்பு இல்லைன்னு வருதுல்ல, அதுல?”

“நீ சொன்னதுதான் வருது.”

“அது போதும்க்கா. அப்பா பேப்பர்ல இருந்தாத்தான் நம்புவாரு. வேற டிபார்ட்மெண்டுல போட்டாக் கூட வாரேன்க்கா. நூலுக் கோன் பேக்கிங் ஒத்தக் கையில செய்யலாம்ல?”

செய்யலாம்னேன்.

6.11 வியாழன்

ஆ.சார் ரூமு. ஏசி. எனக்கு முட்டி வலி.

ஆ.சார் பொள்ளாச்சிப் பக்கம். முப்பத்தஞ்சு வயசு. எல்லாருக்கும் ‘ங்க’தான். பெருக்குற மாரியம்மாளுக்கும் ‘ங்க’, வாட்ச்மேனுக்கும் ‘ங்க’. வேலைய விட்டு நிறுத்தும்போதும் ‘ங்க’. மத்த ஆபீசருங்க வாடா போடாங்கறப்ப இவரு தங்கம்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் சொல்லிருக்கேன்.

பேப்பரப் படிச்சாரு. ரெண்டு தடவ. சிரிச்சாரு.

“ஏனுங்க சகுந்தலாம்மா, இது பேச்சுங்களே. எழுத்து இல்லீங்களே.”

“புள்ள சொன்னது சார்.”

“சொல்றது வேற, ஆவணம் வேறங்க. ஏ புள்ள கீ புள்ளன்னெல்லாம் ஆவணத்துல வரலாங்களா? ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் மேடம் திங்கக்கிழம வர்றாங்க. நம்ம மில்லுல இப்படித்தான் பேசிக்குவாங்களான்னு நெனப்பாங்க. நீங்க தமிழ் நல்லா எழுதுறவிங்க. கொஞ்சம் சுத்தமா எழுதிக் குடுத்துடுங்க.”

“என்ன எழுத சார்?”

“உங்களுக்குத் தெரியாததுங்களா?” அம்புட்டுத்தான் சொன்னாரு. போன் வந்துருச்சு.

மேஸ்திரி பேர எடுன்னு சொல்லல. புள்ள மேல தப்பப் போடுன்னு சொல்லல. பொய் எழுதுன்னு ஒரு வார்த்த சொல்லல. இத நான் நல்லா எழுதி வச்சுக்கணும். அவரு சொல்லல.

என் சீட்டுல வந்து உக்காந்தேன். இருபது நிமிஷம். கூட ஒரு டீ.

‘பாதுகாப்பு விதிமுறைகள் குறித்து எனக்கு உரிய பயிற்சி அளிக்கப்பட்டிருந்தும், இயந்திரம் இயங்கிக்கொண்டிருந்தபோது நான் தன்னிச்சையாக உருளையில் கை வைத்தேன். இவ்விபத்துக்கு என்னுடைய கவனக்குறைவே காரணம். நிர்வாகம் உடனடியாகச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. யார் மீதும் எனக்குப் புகார் இல்லை.’

சொல்லுக்குச் சொல்லு தானா வந்துச்சு. எங்கயும் அடிக்கல, திருத்தல. மூணு மெஷினு போச்சு. சரசு போனா. பயமா இருக்குன்னது போச்சு. மேஸ்திரி அந்த இடத்துலயே இல்ல. படிச்சுப் பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு. அதச் சொல்லித்தான ஆகணும், நல்லா இருந்துச்சு.

மறுபடி ஆஸ்பத்திரி. புள்ளைக்கு ஊசி போட்டு அரைத்தூக்கம். “நேத்தே வச்சேனேக்கா?”ன்னா.

“சுத்தமா எழுதியிருக்குடா.”

விரல நீட்டுனா. நான்தான் பிடிச்சு உருட்டுனேன். வாசிச்சுக் காமிக்கல. கீழ ‘படித்துக் காட்டப்பட்டது’ன்னு மட்டும் எழுதுனேன்.

அவ அப்பா அந்தப் பேப்பருக்கு ஒரு நகலு கேட்டாரு. குடுக்கணும்னு விதி இருக்கு. குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

புதுசக் கொண்டுபோய்க் குடுத்தப்ப, பழைய பேப்பரக் கிழிச்சுப் போட்ருங்கன்னாரு ஆ.சார். கிழிக்கல. டிபன் பையில கெடக்கு.

7.11 வெள்ளி

காலையில பிரஷர் மாத்திரை போட்டேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. ரெண்டாவதா ஒண்ணு போட்டுக்கிட்டேன்.

ஆ.சார் ஒரு நோட்டீஸ் கேட்டாரு, பாதுகாப்பு பத்தி. ‘கவனமே நம் கவசம்.’ எழுதி ஒட்டியாச்சு. போற வர்ற புள்ளைங்க நின்னு படிச்சாங்க. “பாண்டிச்செல்வி கவனமா இல்லையாம்டி”ன்னு ஒருத்தி சொல்லிக்கிட்டே போனா. அவ பக்கத்து மெஷினு. கண்ணால பாத்தவ.

டீ நேரத்துல மேஸ்திரி வந்தாரு. அம்பது வயசு இருக்கும். நல்ல மனுசன்னுதான் பேரு. பங்குனியில பழனிக்கு நடந்து போவாரு, திரும்பி வரும்போது எல்லாருக்கும் பஞ்சாமிர்தம். மேசைக்கு முன்னாடி நின்னாரு. உக்காரல.

“எம்பேரு வருதாக்கா அதுல?”

என்னய விட ஆறேழு வயசு மூத்தவரு. அக்காங்கறாரு. டைம் ஆபீஸ் அக்கா, அதான்.

“இல்லண்ணே. வரல.”

மூச்ச விட்டாரு. அப்பறம் கதவப் பாத்துட்டு, கொரலத் தாழ்த்தி, “நான் சொன்னேன்தான். இல்லைன்னு சொல்லல. எனக்குச் சொன்னவன் யாரு? மெஷினு நின்னா எனக்கு மெமோ. மேல இருந்து நிப்பாட்டாதங்கறாய்ங்க, கீழ நான் நிப்பாட்டாதங்கறேன். புள்ள கைய விட்டுட்டா. எம்மக வயசு அவளுக்கு.” கண்ணத் தொடச்சுக்கிட்டாரு.

“டீ ஆறுது, குடிங்க”ன்னேன்.

அவரு போனப்பறம் மாரியம்மா பெருக்க வந்துச்சு. “ஏ மாரி, நாற்காலிய நகத்திட்டுப் பெருக்கு”ன்னேன். மாரிக்கு அம்பத்தெட்டு வயசு. எனக்கு நாப்பத்தி நாலு. இருபத்தி ரெண்டு வருஷமா நீதான், வாதான். ஒரு நாளும் உறுத்தல. இன்னைக்கு உறுத்துச்சு. ஆனா ‘நகத்துங்க’ன்னு சொல்ல வாய் வரல. மாரியும் திடுக்குன்னு பாத்திருக்கும். நகத்திட்டுப் பெருக்கிட்டுப் போயிருச்சு.

சாயங்காலம் ஆ.சார் சொன்னாரு. “திங்கக்கிழம மேடம் ஓகேன்னுட்டாங்கன்னா, அந்தப் பொண்ணுக்கு ஓய்வு குடுத்துடலாமுங்க.”

எங்க மில்லுல ஓய்வுன்னா திரும்பி வர வேண்டாம்னு அர்த்தம்.

“கோன் பேக்கிங்ல போடலாமான்னு கேட்டுச்சு சார்.”

“அது மேனேஜ்மெண்ட் தப்புன்னா போடலாமுங்க. கட்டாயம் போட்டுத்தான் ஆகணும். சொந்தக் கவனக்குறைவுன்னு அவிங்களே எழுதிக் குடுத்துட்டப்ப நம்ம என்னங்க பண்றது?”

அவிங்களே. ஆமா.

8.11 சனி

ஒண்ணும் இல்ல. அரை நாள் வேலை. சந்தையில வெங்காயம், முருங்கக்கா, கருவாடு.

பஸ்ஸுல வேடசந்தூர்ல ஏறுன ரெண்டு பொம்பளைங்க எங்க மில்லப் பத்திப் பேச்சு. “அவுக மில்லுல எம்புட்டு மரியாதை தெரியுமா? புள்ளைங்களத் தாயி, பாப்பான்னுதான் கூப்புடுவாக.” “அப்ப எம்மகளையும் அங்கயே சேத்துவிட வேண்டியதுதான்.”

நான் ஒரு பக்கமா ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

எழுதும்போதாச்சும் அழுக வரும்னு பாக்கறேன். வரல. கருவாட்ட ஊற வச்சேன்.

9.11 ஞாயிறு

வெயிலு. துணி ரெண்டு வாளி.

இவருகிட்ட சொன்னேன். இவரு டூவீலர் மெக்கானிக். பேப்பரு படிக்கற ஆளு இல்ல. ரெண்டு பேப்பரையும் (ரெண்டாவதோட நகலு ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு) நான்தான் வாசிச்சுக் காமிச்சேன். மொதல்ல பாண்டிச்செல்வி சொன்னது. அப்பறம் நான் எழுதுனது. கறிய மென்னுக்கிட்டே கேட்டாரு.

“ரெண்டாவது யாரு எழுதுனது?”

“நான்தான்.”

“யாரோ பெரிய ஆபீசர் எழுதுன மாதிரி இருக்கு.”

“நக்கலா?”

“இல்ல தாயி. நெசமா. பயமா இருந்துச்சு கேக்கவே. மொதப் பேப்பரு நம்ம தங்கச்சி பேசுற மாதிரி இருக்கு, ரெண்டாவது கோர்ட்டுல பேசுற மாதிரி இருக்கு. எனக்கே ரெண்டாவதுதான் உண்மையோன்னு தோணுது.”

அப்பறம் நான் சொன்னேன், நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டா மொதப் பேப்பரக் குடுத்துரலாம்னு இருக்கேன்.

“குடுத்தா உன் வேலை?”

“போகும்.”

“சரி. குடுக்கறதுன்னா குடு. குடுக்காட்டி குடுக்காத. ரெண்டுல எதச் செஞ்சாலும் அப்பறம் என்கிட்ட வந்து மூஞ்சத் தூக்கிட்டு உக்காராத”ன்னுட்டு கைகழுவப் போயிட்டாரு. கறி நல்லா இருந்துச்சுன்னு சமையக்கட்டுல இருந்து சத்தம் குடுத்தாரு.

குடுக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு. முடிவு பண்ணுனதுல பெருசா ஒண்ணும் ஆகல. நெஞ்சு படபடக்கல, தைரியமும் வரல. பேப்பர எடுத்து, மடிப்பு நீவி, கைப்பையில உள் ஜிப்புல வச்சேன். சேலைக்கு இஸ்திரி போட்டேன். வெளிர் நீலம், சின்னாளப்பட்டி.

10.11 திங்கள்

மேகமூட்டம். மழை இல்ல.

பத்தரைக்கு இன்ஸ்பெக்டர் மேடம் வந்தாங்க. நாப்பது வயசு இருக்கும். கண்ணாடி. ஃப்ளோரு முழுக்கச் சுத்திப் பாத்துட்டு, டைம் ஆபீஸுல உக்காந்தாங்க. ஆ.சார் டீ, பிஸ்கட்டுன்னு நின்னாரு. “நீங்க செத்த வெளிய இருங்க சார், நான் அந்தப் பொண்ணுகிட்ட தனியாப் பேசணும்”னாங்க. ஆ.சார் “தாராளமாங்க”ன்னு வெளிய போயிட்டாரு. இம்புட்டு நல்லா அமையும்னு நான் நெனைக்கல. அவங்க, நானு, பாண்டிச்செல்வி, அவ அப்பா. கதவு சாத்தியிருக்கு. பை என் மடியில.

புள்ள நல்ல சுடிதார் போட்டு, பூ வச்சிருந்தா. கட்டு சின்னதாகியிருந்துச்சு. உக்காரச் சொல்லியும் உக்காரல. மேடம்தான் எந்திரிச்சு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்கார வச்சாங்க.

“பயப்படாதம்மா. என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லு. உன் பேச்சுலயே சொல்லு.”

நான் ஜிப்பத் தொறந்தேன்.

புள்ள சுவத்தப் பாத்துக்கிட்டுச் சொன்னா. நிறுத்தாம, ஒப்பிக்கற மாதிரி. “பாதுகாப்பு விதிமுறை பத்தி எனக்கு உரிய பயிற்சி குடுத்திருந்தாங்க மேடம். மெஷினு ஓடிக்கிட்டு இருக்கும்போது நான் தன்னிச்சையா உருளையில கை வச்சேன். என்னோட கவனக்குறைவுதான் காரணம். யாரு மேலயும் எனக்குப் புகார் இல்ல.”

மேடம் பேனாவக் கீழ வச்சுட்டாங்க. “தன்னிச்சையான்னா என்னம்மா?”

“நானா மேடம். யாரும் சொல்லாம.”

“யாரும் சொல்லலையா? நல்லா யோசிச்சுச் சொல்லு. இங்க உன்னய யாரும் ஒண்ணும் செய்ய முடியாது.”

“இல்ல மேடம். நானாத்தான்.”

அவ அப்பா கை கட்டி நின்னுக்கிட்டு, “அந்த நகல தெனம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேனுங்க மேடம். மொதல்ல அழுதா, அப்பறம் ஒத்துக்கிட்டா. தப்ப ஒத்துக்கறதுல தப்பில்லைங்க”ன்னாரு.

மேடம் என்னயப் பாத்தாங்க. “நீங்கதான எழுதுனது? அவங்க சொன்னதத்தான எழுதுனீங்க?”

வாயத் தொறந்தேன். தொறந்தேங்கறது நெசம். பேப்பரு விரல்ல பட்டுச்சு.

“ஆமா மேடம்”னா பாண்டிச்செல்வி. எனக்கு முன்னாடி. “அக்கா நான் சொன்னதத்தான் எழுதுனாங்க. அக்கா ரொம்ப நல்லவங்க.”

மேடம் இன்னும் என்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

“ஆமா மேடம்”னேன்.

எழுதிக்கிட்டாங்க. இன்னும் ஏதோ கேக்கணும்ங்கற மாதிரி புள்ளயவே கொஞ்ச நேரம் பாத்துட்டு, எந்திரிச்சு, அவ தலையத் தடவிட்டுப் போனாங்க. ஜீப்பு போற வரைக்கும் ஆ.சார் கைகூப்பிக்கிட்டு நின்னாரு. உள்ள வந்து, “அந்தப் பொண்ணுகிட்ட ஓய்வுக் கடிதம் ஒண்ணு வாங்கிப்போடுங்க சகுந்தலாம்மா, அவசரமில்லீங்க”ன்னாரு.

புள்ள வராந்தாவுல பெஞ்சுல உக்காந்திருந்தா. அப்பா பஸ்ஸு நேரம் கேக்க வாட்ச்மேன்கிட்ட போயிருந்தாரு. பக்கத்துல உக்காந்தேன். இப்பவாச்சும்னு தோணுச்சு. பையில இருந்து அந்தப் பேப்பர எடுத்துக் குடுத்தேன்.

“இதப் படி.”

இடது கையில பிடிச்சுக்கிட்டு, உதட்ட அசைச்சு அசைச்சுப் படிச்சா. மூணு மெஷினு. சரசு. ஏ புள்ள. பயமா இருக்குண்ணேன். கடைசி வரைக்கும் படிச்சா. தன் விரல் ரேகையப் பாத்தா. மொகத்துல ஒரு மாத்தமும் இல்ல.

“இது யாரு சொன்னதுக்கா?”

“நீதான். மொத நாளு. ஆஸ்பத்திரில.”

“நானா?” யோசிச்சா. நெசமாவே யோசிச்சா, புருவத்தச் சுருக்கிக்கிட்டு. “வலியில ஒளறியிருப்பேன்க்கா. எனக்கு இப்பல்லாம் மத்ததுதான் ஞாபகம் வருது.”

“இதுதான் நெசம் செல்வி. மத்தது நான் எழுதுனது.”

சிரிச்சா. என்னய ஆறுதல் பண்ற மாதிரி. “நீங்க பொய்யாவாக்கா எழுதப்போறீங்க?”

பேப்பர நாலா மடிக்கப் பாத்தா, ஒத்தக் கையில முடியல. தொடையில வச்சு அமுக்கி மடிச்சு, என் பையில அவளே சொருகுனா.

“கிழிச்சுப் போட்ருங்கக்கா. மேஸ்திரியண்ணன் பாத்தா மனசு கஷ்டப்படுவாரு.”